ஊதா மேசை பழுப்பானது யார் குற்றம்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து, பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

சென்ற தை மாதம் அவர் ஒரு மரக்கடையில் மிச்சச் சரக்காகக் கிடந்த தென்னமெரிக்கப் பர்ப்பிள் ஹார்ட் பலகைகளையும் ஆப்பிரிக்கப் படாக் பலகைகளையும் வாங்கி, 20 ஆண்டுகளாகத் தம் வீட்டு வேலைகளைச் செய்துவரும் ஆசாரியிடம் கொடுத்து ஆறடிச் சாப்பாட்டு மேசை ஒன்று செய்துகொண்டார். மேல்பலகை நல்ல ஊதா. ஓரச் சட்டம் படாக்கின் செம்மை. அதன்மேல் பாலிஷ்காரர் பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன் மெருகை அடித்துக் கொடுத்தார். மேசை கிழக்குப் பார்த்த சன்னலோரம் போடப்பட்டது. தீபாவளிக்கு வீட்டைத் துடைக்கும்போது, மேசைமேல் நிரந்தரமாக இருந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துப் பார்த்தால், அதன் அடியில் மட்டும் வட்டமாக ஊதா நிறம் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் காப்பித்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. படாக் சட்டமும் செங்கல் நிறத்துக்கு மங்கிவிட்டது.

கடைக்காரர் சாயம் ஏற்றிய மரத்தைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவர் ஐயப்படுகிறார். அதற்குச் சான்றும் தருகிறார்: ஆசாரி படாக் பலகையை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தபோது துணி சிவந்துவிட்டதாம். ஆசாரிக்கும் இதில் பங்கு உண்டு என்று கருதி, அவருக்குத் தர வேண்டிய 15,000 ரூபாயை நிறுத்தி வைத்திருக்கிறார். பாலிஷ்காரரோ ஊதா ஸ்டெய்ன் அடித்துச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். இதற்கிடையே, படாக் சட்டத்தில் வெள்ளை மேப்பிள் பட்டைகள் பதித்த பூஜை அறைக் கதவுகள் இரண்டு, பாலிஷ் ஏறாமல் காத்திருக்கின்றன. அவற்றுக்குப் பிரெஞ்சு பாலிஷ் என்கிறார் ஆசாரி, மெலமைன் என்ற பிசின் மெருகு என்கிறார் பாலிஷ்காரர், இயற்கையான ஆளிவிதை எண்ணெயே போதும் என்கிறார் மருமகன். தாத்தா காலத்து ஈட்டி மர நாற்காலி ஒன்றையும் இதோடு சேர்த்துப் புதுப்பிக்க விரும்புகிறார். “நிறத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். அந்த நிறத்தை நிரந்தரமாகக் காக்கும் பாலிஷ் எது என்று ஒரே வரியில் சொல்லுங்கள்” என்று முடித்திருக்கிறார்.

அம்மா, ஒரே வரியில் சொல்வதென்றால், அப்படி ஒரு பாலிஷ் இல்லை. இந்த வரியோடு நிறுத்திவிட்டால் உங்களுக்கும் பயனில்லை, ஆசாரிக்கும் நியாயம் கிடைக்காது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். புதுச்சேரியில் மரச்சாமான்களுக்கு மெருகேற்றுவதையும் பழைய சாமான்களைப் புதுப்பிப்பதையும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இதே கேள்வியோடு என் பட்டறைக்கு வருபவர்களிடம் நான் முதலில் காட்டுவது ஒரு படாக் பலகையைத்தான். ஆறு கட்டங்களாகப் பிரித்து, ஆறு வகை மெருகு ஏற்றி, கீழ்ப்பாதியை அட்டையால் மூடி, கிழக்குச் சன்னலில் சாய்த்து வைத்திருந்தேன். இப்போது அட்டையை எடுத்தால் கீழே ஆறு கட்டமும் குங்குமச் சிவப்பாக இருக்கும். மேலே ஆறும் பழுப்பு. கட்டத்துக்குக் கட்டம் பழுப்பின் சாயல் வேறுபடுகிறதே தவிர, தப்பித்த கட்டம் ஒன்றுகூட இல்லை.

துணியில் ஏறிய சிவப்பு

முதலில் உங்கள் ஐயத்தைத் தீர்த்துவிடுகிறேன். துணி சிவந்தது கலப்படத்துக்குச் சான்று அன்று. உண்மையான படாக் என்பதற்கு அதுவே ஓர் அடையாளம். படாக் நம் வேங்கைக்கும் செம்மரத்துக்கும் பங்காளி மரம். மூன்றும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அந்தமான் தீவுகளின் மாநில மரமான அந்தமான் படாக்கும் இதே குடும்பம்தான். வேங்கைக் குவளையில் இரவு ஊற்றி வைத்த தண்ணீர் காலையில் நிறம் மாறியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படாக்கின் செஞ்சாறு தண்ணீரில் எளிதில் இறங்காது. ஸ்பிரிட் பட்டால் உடனே கரைந்து வரும். அக்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து இந்த வகை மரங்களைக் கப்பலேற்றியதே துணிக்குச் சாயம் எடுப்பதற்காகத்தான்.

இருந்தும் மனம் ஒப்பவில்லை என்றால், மேசையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் மறைவான ஓரிடத்தில் ஒரு கூரான உளியால் சிறிது ஆழமாகச் சீவிப் பாருங்கள். சாயம் ஏற்றிய மரமாக இருந்தால் மேலே நிறமும் உள்ளே வெளிறலுமாகத் தெரியும். பர்ப்பிள் ஹார்ட் உங்களை வேறு விதமாக வியக்கவைக்கும். சீவிய இடம் ஊதாவாக இராது. மங்கிய சாம்பல் பழுப்பாக இருக்கும். பதறாதீர்கள். காற்றும் மிதமான வெளிச்சமும் பட்டு, சில நாட்களில் அந்த இடமே ஊதாவாக மாறும். அதன்பின் மேலும் மேலும் வெயில் பட்டால் பழுப்பை நோக்கிப் போகும். நீங்கள் மரக்கடையில் பார்த்து மயங்கிய ஊதா, இரண்டு பழுப்புகளுக்கு இடையில் அந்த மரம் தங்கிச் செல்லும் ஒரு பருவம். பிரெஞ்சுக்காரர்கள் இந்த மரத்தை அமராந்த் என்பார்கள். பதினைந்தாம் லூயி காலத்துப் பிரெஞ்சு மேசைகளிலும் அலமாரிகளிலும் இதை இழைத்துப் பதித்தார்கள். அவற்றின் வெளிப்புறம் இன்று பழுப்பாகத்தான் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான உதாரணம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. பண்ருட்டிப் பலாவை அறுத்தவுடன் மஞ்சள் கிழங்கு போலப் பளீரென்று இருக்கும். ஆண்டுகள் போகப் போகச் செம்புப் பழுப்பாக முதிரும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி கரையைக் கடந்த தானே புயலில் விழுந்த பலா மரங்களில் செய்த கட்டிலும் கதவும் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மஞ்சள் போய்விட்டதே என்று யாரும் ஆசாரியோடு சண்டைக்குப் போனதில்லை. அந்த மாற்றம் நம் கண்ணுக்குப் பழகியது, ஊதா பழுப்பாவது பழகவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

டப்பாவின் மேல் எழுதியிருப்பது

மரத்தின் நிறம் மாற வெளிச்சமும் காற்றும் காரணம். அவற்றுள் பெரும்பங்கு வெளிச்சத்துக்கு. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் மரத்தின் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினையும் நிறம் தரும் சாறுகளையும் சிதைக்கின்றன. சன்னல் கண்ணாடி போட்டிருக்கிறதே என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சாதாரணக் கண்ணாடி புறஊதாவில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும்; மீதி உள்ளே வரும். அதுவும் போக, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே, மெதுவாகத்தான் என்றாலும், இதே வேலையைச் செய்கிறது. உங்கள் மேசை கிழக்குச் சன்னலில், கடலிலிருந்து எழும் காலை வெயில் சாய்வாக நேரே விழும் இடத்தில், பத்து மாதம் இருந்திருக்கிறது. இந்த மரத்துக்கு அது நீண்ட காலம்.

பி.யூ. டப்பாவில் புறஊதாப் பாதுகாப்பு உண்டு என்று அச்சடித்திருந்ததாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது பொய்யில்லை, ஆனால் நாம் நினைக்கும் பொருளும் அதற்கு இல்லை. பெரும்பாலும் அந்த வாசகம் மெருகுப் படலத்தைப் பற்றியது: படலம் மஞ்சளிக்காது, வெடிக்காது, பெயராது என்பதே உறுதிமொழி. அடியில் இருக்கும் மரத்தைக் காப்பதாக அதில் சொல்லவில்லை. புறஊதாவை உறிஞ்சும் சேர்மானங்கள் கலந்த நல்ல மெருகுகள் இருக்கின்றன. அவை மாற்றத்தைத் தாமதப்படுத்தும். ஆனால் படலமோ தாள் கனத்துக்குத்தான் இருக்கிறது, சேர்மானமும் நாளடைவில் செலவாகிவிடுகிறது, கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது தடுப்பதே இல்லை. தடுத்தால் மரம் நம் கண்ணுக்கே தெரியாது அல்லவா?

ஆகவே பாலிஷ்காரர் ஏமாற்றினார் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அவர் செய்திருக்கக்கூடிய தவறு ஒன்று உண்டு. பி.யூ.வில் இரண்டு வகை இருக்கிறது. அரோமாட்டிக் வகை விலை குறைவு, வெளிச்சத்தில் தானே மஞ்சளிக்கும். அலிஃபாட்டிக் வகை விலை கூடுதல், மஞ்சளிக்காது. கடையில் ‘நான் எல்லோயிங்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஊதாவின் மேல் மஞ்சள் படலம் ஏறினால் கண்ணுக்குப் பழுப்பாகத்தான் தெரியும் என்பது பள்ளியில் ஓவிய ஆசிரியர் சொல்லித்தந்த பாடம். எனவே உங்கள் மேசையின் பழுப்பில் மரத்தின் பங்கோடு மெருகின் பங்கும் சிறிது இருக்கலாம். எந்த டப்பா வாங்கினார் என்று அவரிடம் கேளுங்கள். குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம்.

மேசைக்கு மூன்று வழிகள்

முதல் வழி, அப்படியே விட்டுவிடுவது. தாம்பாளத்தை எடுத்துவிட்டு, மேசைவிரிப்பும் போடாமல் சில மாதம் திறந்து வைத்தால், வட்டமும் மற்ற பகுதியோடு கலந்து ஒரே பழுப்பாகிவிடும். செலவு இல்லை. ரேகை அழகான மரம், பழுப்பிலும் பார்க்க நன்றாகவே இருக்கும். உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரிந்தும் சொல்கிறேன்.

இரண்டாவது, பாலிஷ்காரர் சொல்லும் ஊதா ஸ்டெய்ன். இதை வேண்டாம் என்பேன். ஸ்டெய்னும் சாயமே, அதே சன்னல் அதையும் வெளுக்கும். அதைவிடப் பெரிய குறை, அது ரேகையின் ஏற்ற இறக்கங்களை மூடி, மேசையைப் பிளாஸ்டிக் சாமானாகக் காட்டும். அசல் மரத்துக்குக் கொடுத்த விலைக்கு அப்புறம் என்ன பொருள்?

மூன்றாவது, மெருகைச் சுரண்டி எடுத்து மறுபடி ஏற்றுவது. வெளிச்சம் மரத்துக்குள் அதிகம் இறங்குவதில்லை; பழுத்திருப்பது மயிரிழை அளவு மேல்தோல்தான். அதை எடுத்தால் அடியில் மரம் புதிதாக இருக்கும். இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் பி.யூ. காய்ந்தபின் தின்னருக்குக் கரையாது என்பதால் ஸ்கிராப்பரால் சுரண்டி, 120, 180, 220 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்க்க வேண்டும். தேய்த்த அன்று மேசை சாம்பல் பழுப்பாக இருக்கும். அன்றே மெருகேற்றப் பாலிஷ்காரர் அவசரப்படுவார், விடாதீர்கள். நேர் வெயில் படாத, காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில், மேலே எதையும் வைக்காமல் ஒன்றிரண்டு வாரம் திறந்து வைத்து, ஊதா மீண்டு வந்து நீங்கள் விரும்பும் அளவை எட்டியதும் மெருகேற்றச் சொல்லுங்கள். மெருகு, மஞ்சளிக்காத அலிஃபாட்டிக் பி.யூ.வாகவோ தண்ணீர் கலந்த அக்ரிலிக் வகையாகவோ இருக்கட்டும். இரண்டும் நிறமற்றவை. சூடான பாத்திரமும் சாம்பாரும் புழங்கும் சாப்பாட்டு மேசைக்கு முன்னதே உறுதி. ஆனால் அதை ஸ்பிரே செய்யும்போது எழும் ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். வீட்டுக்குள் அடிக்க விடாதீர்கள், அடிப்பவர் துணி கட்டிக்கொண்டால் போதாது, ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி அணிய வேண்டும். மேல்பக்கத்துக்கு ஏற்றும் அளவு அடிப்பக்கத்துக்கும் ஏற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கடற்காற்றின் ஈரத்தை ஒரு பக்கம் மட்டும் குடித்துப் பலகை வளையும்.

இவ்வளவும் செய்து, மேசையை மறுபடி அதே சன்னலில் போட்டால் அடுத்த தீபாவளிக்கு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். முதலில் சன்னலைக் கவனியுங்கள். கண்ணாடிக்குப் புறஊதாவைத் தடுக்கும் படலம் ஒட்டுங்கள், காலை வெயில் சன்னலை விட்டு விலகும் வரை திரையை இழுத்து மூடிவையுங்கள், முடிந்தால் மேசையை உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். திரைக்குச் செலவழிக்கும் பணம் பாலிஷுக்குச் செலவழிக்கும் பணத்தைவிட அதிக நாள் உழைக்கும். பழைய மரச்சாமான்களைக் காக்கும் அருங்காட்சியகங்களில் அறைகள் மங்கலாக இருப்பதும் இதனால்தான். அப்படியும் ஊதா என்றைக்கும் நிற்காது. மாதங்களில் போவது ஆண்டுகளில் போகும்.

பூஜை அறைக் கதவு

நிறம் மங்குவதைவிட அவசரமான ஆபத்து இந்தக் கதவில் இருக்கிறது. படாக்கையும் வெள்ளை மேப்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆசாரி சொல்வதுபோல் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சில் தோய்த்துத் தேய்த்தால், முதல் இழுப்பிலேயே படாக்கின் சிவப்பு வெள்ளைப் பட்டைமேல் இழுபட்டுவிடும். மேப்பிள் ரோஜா நிறமாகும். பிறகு அதை வெளுக்க வழியில்லை. பிரெஞ்சு பாலிஷ் தன்னளவில் மோசமான மெருகு அன்று. புதுச்சேரியின் பழைய வீடுகளில் தொட்டதும் வழுக்கும் அந்த மென்பளபளப்பு அதனுடையதே. பஞ்சால் தேய்க்கும் முறைதான் இந்தக் கதவுக்கு ஒவ்வாது.

தேய்க்கும்போதே எச்சரிக்கை தேவை. உப்புத்தாள் கிளப்பும் செந்தூள் மேப்பிளின் நுண்துளைகளில் போய் அடையும். கடைசித் தேய்ப்பை உப்புத்தாளுக்குப் பதில் கூரான ஸ்கிராப்பரால் முடித்து, தூளைக் காற்றழுத்தக் குழாயால் ஊதியோ வாக்குவம் வைத்து உறிஞ்சியோ எடுக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிட் துணியோ தின்னர் துணியோ அருகில் வரக்கூடாது. படாக் தூள் பலருக்குத் தும்மலும் தோல் அரிப்பும் தரும் என்பதால் ஆசாரிக்கு ஒரு முகமூடியும் வாங்கிக் கொடுங்கள். பிறகு முதல் பூச்சு, ஸ்பிரே கன்னில் பனி விழுவதுபோல் மிக மெல்லியதாக, நனையாத அளவுக்கு விழ வேண்டும். அது காய்ந்து, அதன்மேல் இன்னொரு மெல்லிய பூச்சும் காய்ந்தபின் சாறு உள்ளேயே அடைபட்டுவிடும். மேலே வழக்கம்போல் அடிக்கலாம்.

மற்ற இரு யோசனைகளைப் பற்றி: மருமகன் சொல்லும் ஆளிவிதை எண்ணெய் இயற்கையானது என்பது உண்மை. இயற்கையாகவே அது மஞ்சளிக்கும், இருட்டறையிலும் மஞ்சளிக்கும். படாக்கின் சிவப்புக்கு அந்த மஞ்சள் ஒரு ஆரஞ்சுச் சூட்டைத் தரும், கெடுதல் இல்லை. வெள்ளை மேப்பிள்தான் பழந்துணி நிறமாகிவிடும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும். யார் பயன்படுத்தினாலும் விரித்துக் காயவைத்தே எறிய வேண்டும். மெலமைன் நிறத்தை அவ்வளவாகக் கெடுக்காது, கெட்டியாகவும் இருக்கும். ஆனால் சில நாட்களுக்கு ஃபார்மால்டிஹைட் நெடி கண்ணைக் கரிக்கும். காற்றோட்டம் குறைந்த சிறு பூஜை அறைக்கு நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். தண்ணீர் கலந்த அக்ரிலிக்கே இங்கு என் பரிந்துரை. அதிலும் சிறிது சாறு இழுபட வாய்ப்பு உண்டு என்பதால், கதவின் வெட்டுத்துண்டில் படாக்கும் மேப்பிளும் சேர்ந்திருக்கும்படி ஒட்டி, அதில் அடித்துப் பார்க்காமல் கதவைத் தொட வேண்டாம்.

எதை அடித்தாலும் பொங்கலுக்குப் பிறகு அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கரையோரக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு லேக்கர் வகைகள் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும்; தண்ணீர் வகைகள் காயவே மறுக்கும்.

தாத்தாவின் ஈட்டி நாற்காலியை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். ஈட்டியின் எண்ணெய்ச் சாறுகள் எண்ணெய் மெருகையும் வார்னிஷையும் காயவிடாமல் பிசுபிசுப்பாகவே வைத்துவிடும். அதன்மேல் இப்போது இருப்பது பெரும்பாலும் பழைய அரக்கு மெருகாகத்தான் இருக்கும். மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்டுப் பார்த்து, பிசுக்கென்று இளகினால் அரக்கு என்று அறியலாம். அப்படியானால் சுரண்டவே வேண்டாம். அழுக்கைத் துடைத்து, அதே அரக்கில் ஓரிரு கை தேய்த்து, தேன்மெழுகு போட்டால் போதும். இந்த வேலைக்கு உங்கள் ஆசாரியின் பிரெஞ்சு பாலிஷ் மிகப் பொருத்தம்.

இனி பணம். கடைக்காரர் விற்றது அசல் மரம் என்றால், நிறம் மாறியதைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் நிறுவுவது கடினம். நிறம் மாறாது என்று அவர் எழுத்தில் உறுதி தந்திருந்தால் கதை வேறு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். நான் வழக்கறிஞன் அல்லன். ரசீதை எடுத்துக்கொண்டு ஒருவரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆசாரியின் 15,000 ரூபாயோ வேறு விஷயம். மூட்டுகள் இறுக்கமாக இருக்கின்றன, பலகை வளையவில்லை என்று உங்கள் கடிதமே சாட்சி சொல்கிறது. அவர் கைவேலையில் நீங்கள் ஒரு குறையும் காட்டவில்லை. கதவுக்கான வெட்டுத்துண்டுகள் அவரிடம்தான் இருக்கும். பாக்கியைக் கொடுத்துவிட்டு, அவற்றில் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றில் மெருகைச் சோதித்துப் பார்க்க, இன்னொன்றைப் பாதி அட்டையால் மூடி உங்கள் கிழக்குச் சன்னலில் வைக்க.